பெரிய மகாராஜாவின் பாதிக் கிண்ணம்

சதுப்பு நிலமும் அதைவிட அதிகமாகக் கௌரவமும் நிறைந்த நீர்த்தும்பை நாட்டை மாறவேழர் ஆண்டுவந்தார். அவருடைய தந்தை பெரிய மகாராஜா, ஒரு கசப்புத் தூளால் கொசு பரப்பும் குளிர்காய்ச்சலை விரட்டியவர். நாற்சந்தியில் அவருக்குச் சிலை உண்டு. வளைகாப்பு நாளில் கர்ப்பிணிக்கு அந்தத் தூளைக் கரைத்துக் கொடுப்பார்கள். பாதியை அவள் குடிக்க வேண்டும். மீதியைச் சிலையின் பாதத்தில் ஊற்ற வேண்டும். பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு உண்பதுதானே நல்ல குடும்பத்துக்கு அழகு?

பாதி மருந்தில் சாகாத கிருமிகள் கசப்புக்குப் பழகிக்கொண்டன. ஒரு மழைக்காலத்தில், தூள் குடித்த கர்ப்பிணிகளே நடுங்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன. சில வீடுகளில் கட்டிய தொட்டில் காலியாகவே தொங்கியது.

அரண்மனை வைத்தியர் ஓதாளன் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, கிருமி நம்ம தூளுக்கு அடங்கல. பக்கத்து நாட்டுல கர்ப்பிணிகளுக்கும் ஒத்துக்கற புது மாத்திரை இருக்கு. வரவழைக்கலாம்."

மாறவேழர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். "எங்கப்பாவுக்கு அடங்காத காய்ச்சல்னு ஒண்ணு கிடையாது வைத்தியரே. அடங்கலைன்னா அது காய்ச்சலே இல்ல."

மந்திரி பரிவட்டனார் உடனே ஆணை எழுதினார். தூள் குடித்தபின் வரும் நடுக்கம் இனி 'தாய்மைப் பூரிப்பு' என்றே அழைக்கப்படும்.

பூரிப்பு ஊரெங்கும் பரவியது. கர்ப்பிணிகளின் விரலில் குத்தி ரத்தத்தைச் சோதித்தார்கள்; கிருமி தென்படவில்லை. விரலில் எடுக்கும் ரத்தத்தில் கிருமி தெரியாமல் போகலாம், அது நஞ்சுக்கொடியில் பதுங்கியிருக்கும் என்றார் வைத்தியர்.

"விரல் நமது ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே அமைதி நிலவுகிறது. நஞ்சுக்கொடி நமது நிர்வாக எல்லைக்குள் வராது" என்றார் மந்திரி.

குடிகளின் பக்தி குறைந்ததே கோளாறுக்குக் காரணம் என்று அடுத்த ஆணை வந்தது. இனி கர்ப்பிணிக்குக் கால் கிண்ணம், சிலைக்கு முக்கால் கிண்ணம். சிலையடியில் குட்டை தேங்கியது. கொசுக்கள் அங்கே பிள்ளை குட்டிகளோடு சௌக்கியமாக வாழ்ந்தன.

வளைகாப்பு முடிந்த கையோடு இளவரசி நன்முல்லை படுத்துவிட்டாள். கம்பளிக்குமேல் கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது.

"குளுருதுப்பா. நீங்க போட்ட ஆணைப்படி நான் இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கேன் போல."

"பேசாம படும்மா."

"வயித்துல பிள்ளை அசையறது குறைஞ்சு போச்சு. அதுக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?"

மாறவேழர் வெளியே வந்தார். வழக்கமாக நிமிர்ந்திருக்கும் முதுகு சற்று வளைந்திருந்தது. "அந்நிய நாட்டு மாத்திரை நம்ம வாசப்படி ஏறினா எங்கப்பா மானம் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"வாசப்படி ஏற வேண்டாம் மன்னா. பின்கட்டு வழியாக வரட்டும்" என்றார் பரிவட்டனார்.

மாத்திரை பின்கட்டு வழியாக வந்து, பெரிய மகாராஜா தூள் வைத்திருந்த வெள்ளிப் பெட்டிக்குள் புகுந்தது. படுக்கையறையில் சிலை இல்லாததால், நன்முல்லை வேளை தவறாமல் முழு மாத்திரையாக விழுங்கினாள். காய்ச்சல் இறங்கியது. ஆண் குழந்தை வீறிட்டுப் பிறந்தது.

'பெரிய மகாராஜாவின் மருந்து மீண்டும் வென்றது' என்று முரசு அறைந்தார்கள். மறுநாள் காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் பெண்கள் அரண்மனைப் பின்கட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்களுக்குப் பெரியவர் பெட்டி மருந்துதான் வேணும். இளவரசிக்குக் குடுத்த அதே மருந்து" என்றாள் முன்னால் நின்ற தறிக்காரி வெள்ளச்சி.

தர முடியாது என்று சொன்னால் அப்பாவின் பெட்டியில் மருந்தில்லை என்றாகும். உண்மையைச் சொன்னால் தூள் தோற்றது என்றாகும். மாறவேழர் மந்திரியைப் பார்த்தார்; மந்திரி கூரையைப் பார்த்தார். குழந்தையோடு வந்த நன்முல்லை பின்கதவைத் தானே திறந்தாள்.

"குடுங்கப்பா. தாத்தா பேர்லயே குடுங்க. இத்தனை காலமா நம்ம நாட்டுல மருந்து ஒழுங்கா குடிச்சது அவர் சிலை ஒண்ணுதான். அதுக்கு மட்டும்தான் காய்ச்சல் வரல."

மன்னர் சம்மதித்தார். அன்றுமுதல் பக்கத்து நாட்டு வண்டிகளில் பெரிய மகாராஜாவின் மருந்து வந்து இறங்குகிறது. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது. அதற்கு ஊரறியச் சான்று வேண்டுமென்று, மருந்து கொடுக்கும் இடத்தை மந்திரி நாற்சந்திக்கே மாற்றிவிட்டார்.

அங்கே வெள்ளச்சி தன் மாத்திரையைச் சிலைமுன் பயபக்தியோடு இரண்டாக உடைத்தாள். பாதியை விழுங்கிவிட்டு, மீதியைப் பெரியவர் பாதத்தில் வைத்துக் கும்பிட்டாள்.