எச்சில் குப்பியும் நாற்பத்தொரு பிழையும்

நொதிச் சித்தர் வந்திறங்கிய ஏழாம் நாள், மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு குப்பியில் எச்சிலோடு வரிசையில் நின்றார்கள். சித்தர் குப்பிமேல் செப்புக்கம்பியைச் சுற்றுவார், கண்ணை மூடுவார், உடம்பிலுள்ள பிழைகளை எண்ணிச் சொல்வார். கம்பியே அவற்றைத் திருத்தியும் விடுமாம். படைத்தவனுக்குக்கூட வேலை இத்தனை சுலபமாக முடிந்ததில்லை.

அவர் பேச்சில் பாதி நிஜம்; ஆபத்தும் அங்கேதான். உடம்பு புரதம் கோக்கும்போது வேண்டிய பொருளைச் சுமந்துவர ஆர்.என்.ஏ. சுமைகாரர்கள் உண்டு. தப்பான சரக்கு ஏறினால் இறக்கிவிடும் நொதிகளும் உண்டு. அந்த நொதி பிறவியிலேயே பழுதானால் நரம்பு கெடலாம், வலிப்பு வரலாம்.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் ஒருத்தியின் ஐந்து வயது மகளுக்கு அதுதான். பழுதை நீக்க இன்னும் மருந்தில்லை, மாத்திரை வலிப்பை அடக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மாத்திரை கம்பியின் சக்தியைத் தடுக்கும், நிறுத்து என்றார் சித்தர். குழந்தையின் அப்பா நிறுத்திவிட்டார். அவர் அறிவியல் வாத்தியார் என்பதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இரண்டே நாளில் நான்கு முறை வலிப்பு வந்தது. பிழை வெளியேறுகிறதாம்.

அவள் சண்டை போட்டும் கணவர் மசியவில்லை. அச்சகத்தில் புதிய ஆளைச் சோதிக்க, ஒரே பக்கத்தை இரண்டு தலைப்பில் கொடுப்பார்கள். உண்மையாகப் படிப்பவர் இரண்டிலும் ஒரே பிழைகளைக் காட்டுவார். அதையே சித்தரிடமும் செய்து பார்க்கக் கணவரிடம் சொன்னாள். சித்தர் ஜெயிப்பார் என்ற தைரியத்தில், மகளின் எச்சிலைக் கணவரே இரண்டு குப்பியில் பிரித்து ஊற்றினார். ஒன்றில் மகள் பெயர்; மற்றதில் 'மாமனார், வயது அறுபது'.

கம்பி சுற்றியது. குழந்தைக்கு நாற்பத்தொரு பிழை. மாமனாருக்கு மூன்றே மூன்று, கொஞ்சம் முதுகுவலி.

"ரெண்டும் ஒரே வாயிலேர்ந்து வந்த எச்சில்," என்றாள் அவள்.

சித்தர் அசரவில்லை. "நம்பிக்கை இல்லாத கை பட்டா கம்பி பேசாது, தாயி."

வாத்தியாரின் முகம் செத்துப்போயிருந்தது. "ஊத்தினது நான், ஐயா. நான் நம்பித்தானே ஊத்தினேன்?"

சித்தருக்குப் பின்வாசல் ஞாபகம் வந்தது; நழுவினார். கணவனும் மனைவியும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். கூட்டத்தில் பாதி கலைந்தது. மீதிப் பாதி, முன்னால் இடம் காலியானதே என்று நகர்ந்து நின்றது.

நிற்பவர்களே, 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் நாக்கு தேய்ந்துவிடாது. கேட்காவிட்டால் துடிக்கப்போவது நீங்களல்ல, உங்கள் பிள்ளை.