பயன்பாட்டுக்கு ஓர் ஒத்திகை

பூங்கா என்ற ஒன்றை மனிதன் உண்டாக்கிய நாள் முதல் அதற்கு வாய்த்த ஒரே எதிரி மனிதன்தான். இந்த மாபெரும் உண்மையை உணர்ந்து, தெருமுனையிலிருந்த சின்னப் பூங்காவை மனிதர்களிடமிருந்து மீட்ட பெருமை பூங்காக் குழுச் செயலாளரையே சேரும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளைக் கசங்காமல் காத்து ஓய்வு பெற்ற மனிதர், புல்லையும் அதே பக்தியுடன் காத்தார்.

பூங்கா என்றால் நாலு சிமெண்ட் பெஞ்சு, ஓர் ஊஞ்சல், சுற்றிலும் ஒரு நடைபாதை. உட்கார்ந்தால் பெயிண்ட் தேயும் என்பதால் பெஞ்சுகளைச் சுற்றிக் கயிறு. ஆடினால் சங்கிலி தேயும் என்பதால் ஊஞ்சலுக்குப் பூட்டு. நடைபாதையில் தாராளமாக நடக்கலாம். ஆனால் கேட்டுக்கும் பூட்டு. உள்ளே வர விரும்பும் "பொதுமக்கள்" மனு கொடுக்கலாம். மனுக்கள் மாதாந்தரக் கூட்டத்தில் "பரிசீலனையில்" வைக்கப்படும். நான்கு ஆண்டுகளாக ஒரு புல்கூட மிதிபடவில்லை.

செயலாளரின் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். தினமும் அரை மணி நேரம் நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு ஆயுளுக்கும் கம்புதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வீட்டு ஹாலில் எட்டடி வைத்தால் பீரோ இடிக்கும். தெருவில் பைக்குகள் இடிக்கும்.

"என்னங்க, எதிர்லதானே பூங்கா? சாவி உங்க சட்டைப் பையிலதானே இருக்கு?"

"அது செயலாளரோட சாவி. உன் புருஷனோட சாவி இல்ல. மனு குடு."

"குடுத்து ரெண்டு மாசமாச்சு!"

"பரிசீலனையில இருக்கு. பொண்டாட்டின்னு உன் மனுவை முன்னாடி எடுத்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

இப்பேர்ப்பட்ட நேர்மையை எங்கே போய்த் தேடுவது! அந்த அம்மாள் பீரோ வரை நடந்து, திரும்பி, மறுபடி பீரோ வரை நடந்தாள்.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து சுற்றறிக்கை வந்தது: மிகச் சிறந்த பூங்காவுக்குப் பரிசு, கேடயம், மேடையில் பொன்னாடை. செயலாளர் பொன்னாடைக்குத் தோளை நிமிர்த்திக்கொண்டே இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். "மக்கள் பயன்பாடு" என்ற தலைப்புக்கு மட்டும் அறுபது மதிப்பெண். நடுவர் நேரில் வந்து பார்ப்பாராம்.

அவசரக் கூட்டம் கூடியது.

"பயன்பாடு இல்லேன்னா என்ன? உண்டாக்கிடுவோம்!" என்றார் குழுத் தலைவர்.

தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, கேட்டைத் தொறந்து விட்டா ஜனங்க தானா வந்துட்டுப் போறாங்க."

செயலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தானா வந்தா அதுக்குப் பேர் பயன்பாடு இல்லப்பா, அத்துமீறல்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு மணி நேரத்துக்குப் பயன்பாடு. பெஞ்சில் பேப்பர் படிக்க ஒருவர். சிரித்துப் பேச மூவர், சத்தம் மிதமாக. ஊஞ்சலில் ஒரு குழந்தை. தள்ளிவிட ஒரு தகப்பன், சொந்தத் தகப்பனாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. "நடப்பவர்" மட்டும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிச் செயலாளர் தன் மனைவியையே நியமித்தார்.

"யாராவது கேட்டா தினமும் வர்றேன்னு சொல்லணும். புரியுதா?"

அவள் தலையாட்டினாள்.

நடுவர் வரவிருந்த அன்று காலை கேட் திறந்தது. குழந்தை ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்றது. சிரிக்க வந்த மூவர், செயலாளர் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைப்பதைப் பார்த்து நிஜமாகவே சிரித்துத் தொலைத்தார்கள். அவர் மனைவி முதல் சுற்றை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது சுற்றில் கையை எடுத்துவிட்டாள். மூன்றாவது சுற்றில் கால் தானாக மடங்கி நீண்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

நடுவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் படிவம். எல்லாம் பார்த்து மகிழ்ந்து, நடந்துகொண்டிருந்தவளை நிறுத்தினார்.

"அம்மா, எவ்வளவு நாளா இங்க நடக்கிறீங்க?"

பின்னால் நின்ற செயலாளர் "தினமும், தினமும்" என்று வாயசைத்தார்.

"நாளெல்லாம் இல்லீங்க. இருபது நிமிஷமா."

"புரியலையே?"

"நீங்க வர்றீங்கன்னு இன்னைக்குத்தான் தொறந்தாங்க. நீங்க போனதும் பூட்டிடுவாங்க. கோவிச்சுக்காதீங்க, நின்னு பேச நேரமில்ல. நீங்க அவசரப்படாம சுத்திப் பாருங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். நடுவர் படிவத்தில் எதையோ அடித்துத் திருத்தினார். செயலாளர் மூச்சிரைக்க மனைவியின் பின்னால் ஓடினார்.

"அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே! நாலு வருஷமா இந்தப் பூங்காவைக் கண்ணும் கருத்துமா காப்பாத்தினேனே!"

அவள் நடையைக் குறைக்கவில்லை.

"காப்பாத்தினீங்க, இல்லேங்கல. யார்கிட்டேருந்து? என்கிட்டேருந்துதானே?"