தியாகலிங்கத்தாரின் எல்லைக்கட்டை

"இஞ்சரப்பா, கட்டை எங்கடை வீட்டுக்குத் தெற்காலை நிக்குது."

யோகராணி யன்னலடியில் நின்று சொன்னதுதான் தாமதம், தியாகலிங்கத்தார் வாயில் பற்பசை நுரையோடு வெளியே பாய்ந்தார். உண்மைதான். அவருடைய வீட்டுக்கும் பக்கத்து வீட்டுத் தமிழரான கஸ்பரின் வீட்டுக்கும் நடுவே, தலையில் செம்மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு ஒரு மரக்கட்டை நின்றது.

ரொறன்ரோவின் வடக்கு ஓரம், 1996 வைகாசி. தெற்கே ஒரு நகரசபை, வடக்கே கிராமப்புறத்தை ஆளும் ஒரு கவுன்ரிச் சபை. நகரம் எதுவரைக்கும் வளரலாம் என்று இரண்டும் பல வருடம் இழுபட்டு, ஒருவழியாகக் கூடிப் பேசி ஒரு கோடு கீற முடிவெடுத்திருந்தன. கோட்டுக்குத் தெற்கே இருக்கும் வீடுகள் நகரத்தோடு சேரும், குழாய்த் தண்ணீர் வரும். வடக்கே இருப்பவை தங்கள் கிணற்றோடு கிடக்கவேண்டியதுதான். காணி அளக்கும் சேவையர் முன்கூட்டியே அடையாளக் கட்டை நடுவார், வரும் வெள்ளிக்கிழமை இரு சபையாரும் வந்து எல்லையைக் காட்டுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள்.

தியாகலிங்கத்தாரின் கிணற்றுத் தண்ணீர் அவித்த முட்டை மணக்கும். வெள்ளிக்கிழமை விரதச் சாம்பாரும் அதே மணம்தான். யோகராணி ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தே புருஷனிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். நகரத் தண்ணீர் வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குள் அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டுக்குப் போவது என்று.

விற்கிற கதையே தியாகலிங்கத்தாருக்கு ஆகாது. ரொறன்ரோச் சனமெல்லாம் மாடி மாடியாக அடுக்கிக் கிடக்க, அவருக்கு மட்டும் எட்டுப் பரப்புக் காணி, முழுசாக அரை ஏக்கர். "பஸ் சத்தம்கூடக் கேளாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். வருகிறவர்கள் குறைவு என்பதால் சொன்னவர்களுக்கே திரும்பவும் சொல்வார்.

"உது கஸ்பரின்ரை வேலை," என்றார். "சேவையர் வடக்காலைதான் நட்டிருப்பான். உவன் பிடுங்கி இஞ்சாலை நட்டுட்டான்."

"அவர் ஏனப்பா அப்பிடிச் செய்யவேணும்? பாவம்."

"ஏனோ? தனக்குத் தண்ணி வந்து எங்களுக்கு வராட்டி, உவன்ரை வீட்டுக்கு மவுசு கூடுமெல்லே! உமக்கு எல்லைச் சண்டை தெரியாது யோகா. வேலியிலை ஒரு கதியால் தடி தள்ளி நட்டதுக்கு எங்கடை அப்பு எத்தினை வருசம் வழக்குப் பேசிக் கோட்டுக்கு ஏறி இறங்கினவர்!"

"ஆர் தள்ளி நட்டது?"

"அப்புதான். அது வேறை கதை."

பின்னேரம் கஸ்பர் வேலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனதும், தியாகலிங்கத்தார் கட்டையைப் பிடுங்கித் தமது வீட்டுக்கு வடக்கே கொண்டுபோய் நட்டார். அன்று முட்டை மணத் தேநீரும் அவருக்கு இனித்தது.

விடிந்து பார்த்தால் கட்டை பழையபடி தெற்கே நின்றது.

"பாத்தீரே உவன்ரை சேட்டையை!"

"விடுங்கோப்பா. அயலுக்கை என்னத்துக்குச் சண்டை? கட்டை நிக்கிற இடத்திலை நிக்கட்டும்."

இப்படியும் ஒரு வெள்ளை மனசா என்று அவர் மனைவியை நினைத்து உருகினார். உருகிவிட்டு மறுபடியும் கட்டையைத் தூக்கினார். மறுநாள் காலையில் அது மறுபடியும் தெற்கே நின்றது.

இனிச் சீமெந்துதான் என்று தீர்மானித்தார். வேலைக்கு லீவு போட்டார். இரும்பு அலவாங்கை எடுத்து, வீட்டுக்கு வடக்கே நெஞ்சளவு ஆழத்துக்குக் கிண்டினார். கடைசிக் குத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் உடைந்து, தண்ணீர் அவருடைய மீசைவரைக்கும் பீறிட்டது.

அதன்பிறகு வீட்டில் முட்டை மணம் இல்லை. தண்ணீரே இல்லை.

நகரசபைக்குப் போன் அடித்தார். நீங்கள் இன்னும் கவுன்ரிக்காரர் என்றார்கள். கவுன்ரிக்கு அடித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீங்கள் யாருடைய ஆள் என்று தெரியவில்லை, அதுவரைக்கும் பொறுங்கள் என்றார்கள். இரண்டு சபையும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

கஸ்பரின் மனைவி கிளடிஸ் கேட்காமலே தங்கள் வீட்டு ரப்பர்க் குழாயை இந்தப் பக்கம் நீட்டிவிட்டாள். யோகராணி வாளிகளை நிரப்பினாள்.

"பாத்தீரே, மனச்சாட்சி குத்துது. அதுதான் தண்ணி தருகினம்," என்று சொல்லிக்கொண்டே தியாகலிங்கத்தார் அந்தத் தண்ணீரில் முகம் கழுவினார். கிண்டிய குழியை வீணாக்காமல், கட்டையை நட்டுச் சீமெந்தும் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை விடிய, சீமெந்துக்குள் கட்டையின் அடி மட்டும் நின்றது. தலைப்பாதி ரிப்பனோடு தெற்கே போய்விட்டது. அறுத்த இடம் குசினியில் பாண் ரொட்டி வெட்டுகிற கத்தியால் அராவினதுபோலப் பல்லுப் பல்லாக இருந்தது.

"உவனுக்கு ஒரு வாள் பிடிச்சு அறுக்கவும் தெரியாது!" என்று உறுமினார் தியாகலிங்கத்தார்.

அந்த நேரம் பார்த்து இரு சபைக்காரரும் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். தியாகலிங்கத்தார் ஓடிப்போய், தமக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டிக் கஸ்பர்மேல் குற்றம் சாட்டினார். கஸ்பர் நித்திரைக் கண்ணோடு வெளியே வந்தார். பின்னால் கிளடிஸும் யோகராணியும் வந்து நின்றார்கள்.

நகரசபைக்காரர் அரைக் கட்டையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு வரைபடத்தை விரித்தார். கட்டை வெறும் அடையாளத்துக்குத்தான், கோடு படத்தில் இருக்கிறது, அது உங்கள் வீட்டுக்கு வடக்கேதான் போகிறது என்றார். கட்டையையும் முதலில் வடக்கேதான் நட்டோம், யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றார். இலையுதிர் காலத்துக்குள் குழாய் வந்துவிடும் என்றும் சொன்னார். கவுன்ரிக்காரர் விடைபெற்றுக் கையைக் குலுக்கினார்.

கார்கள் போனதும் தியாகலிங்கத்தார் துள்ளினார்.

"கேட்டியளே! வடக்காலை நட்டவையாம்! நான் முதல் நாளே சொன்னனான். இப்ப என்ன சொல்லுறீர் கஸ்பர்?"

"அந்தோனியார் அறிய நான் தொடேல்லை, தியாகர். உமக்குத் தண்ணி வந்தால் எனக்கென்ன நட்டம்?"

"பின்னை கட்டைக்குக் கால் முளைச்சதோ?"

அப்போதுதான் யோகராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழத் தொடங்கினாள். தியாகலிங்கத்தாருக்குப் பெருமையில் கண் கலங்கியது. அவள் தோளில் கையை வைத்தார்.

"பாருங்கோ, என்ரை மனிசி சந்தோசத்திலை அழுகிறா. இனி நாங்கள் சாகுமட்டும் இந்தக் காணியிலைதான்!"

அழுகை இன்னும் பெருத்தது. கிளடிஸுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அண்ணை, அதுதான் அவ அழுகிறா. வீட்டை விப்பியள், சனத்தோடை சனமாய்ப் போய் இருக்கலாம் எண்டு நம்பி, ஒவ்வொரு நாளும் விடியமுன்னம் எழும்பிக் கட்டையை இஞ்சாலை நட்டது அவதானே!"