வாசல் தெரியாத அரண்மனை

மாடபுரியை ஆண்ட மன்னர் கெட்டவர் அல்லர். தம் அரண்மனை பார்ப்பதற்கு இன்னும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அந்த வேலைக்கு எழில்வாணர் என்பவரை அமைச்சராக்கினார்.

எழில்வாணர் முதலில் கதவுகளின் மேலிருந்த பெயர்ப்பலகைகளை எடுக்கச் சொன்னார். "எழுத்து கண்ணை உறுத்துகிறது. நல்ல கதவு தானே பேசும்" என்றார். பிறகு கதவுக்கும் சுவருக்கும் ஒரே வெள்ளை பூசப்பட்டது. கைப்பிடிகள் போயின. படையில் சேர்பவர்களுக்கான பெரிய கதவுக்கு மட்டும் பொன்னிறம் பூசினார்கள். கொடியிலிருந்த மன்னரின் முகமும் எளிமையாக்கப்பட்டு வெறும் நீல வட்டமானது.

அந்தச் சமயத்தில்தான் உப்பு விற்கும் பூங்காவனம் அரண்மனைக்கு வந்தாள். அதற்கு முன்பு மனு கொடுக்க வந்த அவள் கணவன் மாசிலாமணி, கண்ணில் பட்ட ஒரே கதவான பெரிய பொன்னிறக் கதவைத் தள்ளியிருக்கிறான். தள்ளியவர் படையில் சேரச் சம்மதித்தவராம். படை வெள்ளிக்கிழமை எல்லைக்குப் புறப்படுகிறது.

"வேண்டாம்னு சொல்றதுக்குக் கதவு இல்லையாய்யா?" என்று காவலரிடம் கேட்டாள்.

"இருக்கிறது தாயே. பார்ப்பதற்குச் சுவர் போலவே இருக்கும்."

பூங்காவனம் உள்ளே போய்ச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். தாழ்வாரம் திரும்பியது, இன்னொரு தாழ்வாரம் வந்தது. அதே தாழ்வாரமோ என்றும் தோன்றியது. அவளைப் போல நூறு பேர் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் இறப்பைப் பதிய வந்த ஒருவர், தாம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்திருந்தார். ஓர் அதிகாரி ஐந்து தாமரைப் பூக்களை நீட்டினார்.

"எங்கள் அரண்மனை உங்களுக்கு எத்தனை பூ பிடித்திருக்கிறது, அம்மா?"

"எனக்கு வெளிய போகணும்."

"அதற்குப் பூ இல்லையே" என்று அவர் உண்மையாகவே வருந்தினார்.

எழில்வாணர் சபையில் அறிவித்தார்: "முன்பெல்லாம் மக்கள் அரை நாழிகையில் திரும்பிவிடுவார்கள். இப்போது மூன்று நாள் தங்குகிறார்கள். நம்மை விட்டுப் பிரிய அவர்களுக்கு மனமில்லை!" சபை கைதட்டியது. கவனத்தைச் சிதறடிக்கின்றன என்று மறுநாள் சன்னல்களையும் அடைத்தார்கள்.

வியாழக்கிழமை ஒரு மூலையில், கசங்கிய பட்டுடுத்திய ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் பூங்காவனம்.

"நான் மன்னன். ஒன்பது நாளாகச் சிம்மாசனத்தைத் தேடுகிறேன்."

"அப்ப மன்னர் பேர்ல தினம் வர்ற ஆணையெல்லாம்?"

"அதுதான் எனக்கும் புரியவில்லை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. "யாரா வேணா இருங்க. எந்திரிச்சு வந்து தோள் குடுங்க" என்றாள். சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் மட்டும் உள்ளே வெற்றிடம்போல் சத்தம் கேட்டது. அவள் கூப்பிட, தடவிக்கொண்டிருந்த நூறு பேரும் வந்து முட்டினார்கள். சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்தது. அந்தப் பக்கம் படைப்பயிற்சித் திடல். எதிரிதான் வந்துவிட்டான் என்று வீரர்கள் சிதறி ஓடினார்கள். அந்தப் புழுதிக்குள் மாசிலாமணியைக் கண்டதும் பூங்காவனம் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மன்னர் தளபதியிடம் தம்மை யாரென்று சொன்னார். தளபதி கொடியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "நீர் வட்டமாக இல்லையே" என்று விரட்டிவிட்டார். போக்கிடம் தெரியாத மன்னர் தம்பதியின் பின்னாலேயே நடந்தார்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டில் அவர் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் முரசு ஒலித்தது.

"மன்னர் மகிழ்ச்சியோடு இருக்கிறார்! மக்கள் தாமே ஆசைப்பட்டு ஒரு வாசல் அமைத்ததைப் பாராட்டி, இனி எல்லா வாசல்களையும் மக்களே இடித்து அமைத்துக்கொள்ள வேண்டும் என்று, இன்று விடியற்காலை தம் கையாலேயே கையெழுத்திட்டிருக்கிறார்!"

மன்னர் கூழ் ஒட்டியிருந்த தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.