பேத்திக்கு எடை ஏற்றிய கதை

எண்ணத் தெரிந்தவனை வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை. நான் எண்ணுவேன். தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன், கொடியில் காயும் துணியை எண்ணுவேன், பேருந்தில் நிற்பவர்களை எண்ணுவேன் (உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவானேன், இருக்கையைக் கணக்குப் பண்ணினால் தெரிந்துவிடுகிறது). இது நானாக வளர்த்துக்கொண்ட கெட்ட பழக்கம் இல்லை. அபிராமத்துப் பக்கம் ஒரு மிளகாய் மண்டியில் மூட்டைகளை எடைபோட்டு ஏற்றி அனுப்பும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கனம் கூட்டுவதற்காக மிளகாயில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். மூட்டையில் கை வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவேன். "ஏலே, கொட்டிக் காயவச்சு நாளைக்குக் கொண்டா" என்று திருப்பி அனுப்புவேன். என்னை எவனும் ஏமாற்றியதில்லை. இதை நான் சொல்லிச் சொல்லி என் குடும்பத்தாருக்குக் காது புளித்துப்போயிருக்கிறது.

இத்தனை நேர்மையான மனிதன், அறுபத்தெட்டு வயதில் (விவரம் தெரியாத வயது), சொந்தப் பேத்தியின் எடையில் கைவைத்தான்.

யாழினி அப்போது பிறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. மாதம் ஒருமுறை மருமகள் பவித்ரா அவளை பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். எடை பார்ப்பார்கள், சத்துமாவுப் பொட்டலம் கொடுப்பார்கள். அந்த மாவில்தான் குழந்தைக்குக் கஞ்சி. எனக்கு இது எதுவும் தெரியாது. மாவு கடையில் வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (உருண்டை பிடித்தபோது நானும் இரண்டு சாப்பிட்டிருக்கிறேன். நன்றாக இருந்தது.)

ஒரு நாள் மத்தியானம் பால்வாடி டீச்சர் சாந்தி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அய்யா, பாப்பாவுக்கு எடை கம்மியா இருக்கு. அட்டையில பச்சையில இருந்து மஞ்சளுக்கு எறங்கிருச்சு. எப்பவும் குடுக்கிற மாவோட இனிமே கூடுதலாவும் தாரேன். அடுத்த மாசமும் ஏறலைன்னா டாக்டரம்மாகிட்ட காட்டிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. "டீச்சர், நீங்க வீடு மாறி வந்துட்டீக. அதெல்லாம் இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுக்கிற மாவு. நமக்கு நெலம் கெடக்கு."

"தராசு என்ன பட்டாவா கேக்குது அய்யா? மாசமா இருக்கிறவுக, பால் குடுக்கிற தாய்மாருக, ஆறு மாசம் முடிஞ்ச புள்ளைக, யாரு வந்து பதிஞ்சாலும் தருவோம். எடை கொறைஞ்ச புள்ளைகளுக்குக் கூடுதலாப் போட்டுத் தருவோம். அம்புட்டுத்தான்."

நிலத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இருப்பது உண்மைதான். மழை பெய்தால் மிளகாய் விளையும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் விளையும். சீமைக்கருவேலம் எங்களிடம் முப்போகம். என் மகன் அடுத்தவர் வண்டியை ஓட்டித்தான் வீடு நடக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு 'பெரிய வீடு' என்று பெயர். அந்தப் பெயருக்கு மட்டும் எந்த வருஷமும் மழை தேவைப்பட்டதில்லை.

மறுநாள் டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "என்ன மாமா, பெரிய வீட்டுப் புள்ளைக்குக் கஞ்சி பத்தலையாமே?" சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். வேண்டாம், சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பவித்ராவிடம் சொன்னேன்: "ஏத்தா, நம்ம புள்ள மஞ்சள்ல இருக்கக்கூடாது. அடுத்த மாசம் பச்சைக்கு வந்தாகணும்."

"வந்தாச் சந்தோசம்தான் மாமா. வராட்டியும் டாக்டரம்மா பாத்துக்குவாகல்ல? என்னமோ தெரியல, ரெண்டு வாய் வாங்குறா, அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிறா. எனக்கு அதான் பயமா இருக்கு." அவள் யாழினியின் கையைப் பிடித்துக் காட்டினாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நான் அதைப் பார்த்துவிட்டு, "வளையல் பெருசு" என்றேன்.

அன்றிலிருந்து பேத்திக்கு நான் வாழைப்பழம் ஊட்ட ஆரம்பித்தேன். அவள் துப்ப ஆரம்பித்தாள். உள்ளே போனதைவிட என் வேட்டியில் விழுந்ததுதான் அதிகம். உள்ளே போனதும் அவளுக்குச் சேரவில்லை. இரண்டு நாள் வயிற்றோட்டம். எடை பார்க்கும் நாளைக்கு முதல் நாள், பழைய கொக்கித் தராசில் துண்டைக் கட்டித் தொட்டில் மாதிரி ஆக்கி, அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். ஆறு கிலோ அறுநூறு. போன மாதத்தைவிடக் குறைவு. பச்சைக்கு இன்னும் நானூறு கிராம் வேண்டும்.

அப்போதுதான் வெள்ளி ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு வெள்ளி போட்டுத் தூக்கிக்கொண்டு போவதுதான் மரியாதை. கழற்றிவிட்டுத் தூக்கிப் போனால், "ஏன், அடகுக்கடைக்குப் போயிருச்சா?" என்று கேட்பார்கள். அரணாக்கொடியைக் கழற்றவே கூடாது. ஆகவே இதில் தப்பு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தாராளமாகப் போட்டு, மேலே நீளமாக ஒரு பாவாடைச் சட்டையை மாட்டிவிட்டால் போதும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பெட்டியில் கிடந்த தடித்த அரணாக்கொடி, காப்பு, கொலுசு. மறுபடியும் கொக்கியில் மாட்டினேன். ஏழு கிலோவும் ஐம்பது கிராமும். மண்டியில்கூட இத்தனை துல்லியமாக நான் எடைபோட்டதில்லை.

மறுநாள் காலையில் பவித்ரா குளிக்கப் போனதும், அந்த வெள்ளியை எல்லாம் மறுபடி குழந்தைக்குப் போட்டு, மேலே நீளப் பாவாடையையும் மாட்டி, "நானே தூக்கிட்டுப் போறேன்த்தா, நீ மெதுவா வா" என்று குரல் கொடுத்துவிட்டு, மனைவி முத்துலட்சுமி கையில் குழந்தையைக் கொடுத்து, சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போனேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரியவந்தது. டீக்கடைப் பேச்சு முத்துலட்சுமியின் காதுக்கும் போயிருக்கிறது. என்னைக் கேட்காமல், என் யோசனையையே அவளும் தனியாக யோசித்திருக்கிறாள். தன் அம்மா கொடுத்த கெட்டித் தண்டை இரண்டையும் காலில் ஏற்றி, தன்னுடைய வெள்ளி ஒட்டியாணத்தையும் இரண்டு சுற்றாகச் சுற்றிப் பாவாடைக்குள் விட்டுவிட்டாள்.

வழியில் குழந்தை கனத்தாள். 'வாழைப்பழம் இப்பத்தான் வேலை செய்யுது' என்று நினைத்தேன். மூட்டையைத் தொட்டாலே கண்டுபிடிக்கிறவன்!

பால்வாடியில் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கென்று சூப்பர்வைசர் அம்மா ஒருவரும் வந்திருந்தார். சாந்தி டீச்சர் யாழினியை வாங்கி, தொங்கு தராசுத் தூளியில் உட்காரவைத்தார். "நகையக் கழட்டிட்டு..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே, "வேண்டுதல் டீச்சர், கழட்டக்கூடாது" என்று முந்திக்கொண்டேன். முள் சுற்றியது. டீச்சர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"எட்டு கிலோ நூறு!"

எங்கேயோ ஒரு கிலோ என் கணக்கில் இல்லாமல் வந்திருக்கிறது.

"மேடம், போன மாசம் இது மஞ்சள்! இப்பப் பாருங்க!" என்று டீச்சர் கத்த, சூப்பர்வைசர் அம்மா எழுந்து வந்தார். "இப்படித்தாம்மா இருக்கணும். வீட்டுல ஆம்பளைங்க அக்கறை எடுத்தா என்ன நடக்குதுன்னு பாருங்க. அய்யா, என்ன குடுத்தீங்கன்னு இவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க."

நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "வந்து... தினைக் கஞ்சி. கூடவே முருங்கைக்கீரைய அரைச்சு... பனங்கருப்பட்டி போட்டு... காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி ஊட்டணும்." நல்ல பொய்க்குப் பக்குவமும் சொன்னால் அது உண்மை மாதிரியே இருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்க்கும் காளீஸ்வரி, மடியில் நோஞ்சான் பிள்ளையை வைத்துக்கொண்டு, "கருப்பட்டி எம்புட்டு அய்யா?" என்று அக்கறையாகக் கேட்டாள். "ஒரு நெல்லிக்காய் அளவு தாயி" என்றேன். (என் வாயில் அதை யார் எடுத்துக்கொடுத்தார்களோ!)

"சரி, இந்தக் குழந்தைக்குக் கூடுதல் பொட்டலம் இனி வேணாம். டாக்டர்கிட்ட அனுப்பறதும் வேணாம், நிறுத்திருங்க" என்றார் சூப்பர்வைசர் அம்மா. "ஒரு போட்டோ எடுத்துக்கறேன். குழந்தையத் தூக்கிப் பிடிங்க டீச்சர்."

அந்த நேரம் பார்த்து ஈரத்தலையோடு பவித்ரா உள்ளே வந்தாள். எட்டு கிலோ என்று கேட்டதும் அவள் முகம் மலரவில்லை. "இல்லைங்க. நேத்து ராத்திரிகூடத் தூக்கினேனே. எம்புள்ள எடை எனக்குத் தெரியாதா?"

"தாத்தா தினைக் கஞ்சி குடுத்திருக்காரும்மா!"

"தினையா? எங்க வீட்டுலயா?"

டீச்சர் யாழினியை உயரத் தூக்கிப் பிடித்தார். வலது கால் தண்டை வழுக்கிக்கொண்டு இறங்கி, சூப்பர்வைசர் அம்மாவின் பாதத்தில் 'ணங்'கென்று விழுந்தது. அவர் "அம்மா!" என்று ஒற்றைக் காலில் நின்றார். இடது கால் தண்டையும் வந்தது. அந்தக் கால்கள் எதையும் தாங்கி நிறுத்துகிற கால்களாக இல்லை. பிறகு பாவாடைக்குள் இருந்து ஒட்டியாணம் மெதுவாக, கோயில் தேர்வடம் மாதிரி, நீளமாக இறங்கியது.

"அட, இது ஒட்டியாணமாச்சே!" என்றாள் காளீஸ்வரி.

"இது நான் போடலை" என்றேன் நான். உலகத்தில் அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. அப்படியானால் நான் போட்டது எது என்று அடுத்து எல்லோரும் பார்த்தார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தார். சின்ன நகைக்கடையே திறந்துவிட்டது. கழற்றக் கழற்றப் பெண்கள் சிரித்தார்கள். யாழினியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மறுபடியும் தூளியில் உட்காரவைத்தார்கள். முள் ஆறு அறுநூறில் நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பவித்ரா குழந்தையைத் தூக்கி முந்தானையால் மூடிக்கொண்டாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, அந்தத் தண்டை மட்டும் விழாம இருந்திருந்தா கூடுதல் மாவும் நின்னுருக்கும், டாக்டரும் பாத்திருக்க மாட்டாக. தண்ணி தெளிச்ச மூட்டைய நீங்கதான திருப்பி அனுப்புவீக?"

கையில் இருந்த துண்டை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். அப்புறம் டீச்சரிடம், "ஆறு அறுநூறுன்னே எழுதிக்கங்க டீச்சர். டாக்டரம்மா எப்ப வருவாக?" என்று கேட்டேன்.

டாக்டர் அம்மா பார்த்தார். வயிற்றில் பூச்சி, ரத்தம் குறைவு. மருந்து கொடுத்து, கூடுதல் மாவைத் தொடரச் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் விட்டிருந்தால் பெரிதாகியிருக்கும் என்றார். யாழினி மெதுவாகத்தான் ஏறினாள். பொட்டலம் வாங்கிவரும் வேலை அன்றிலிருந்து என் தலையில் விழுந்தது. யாரும் கட்டளை போடவில்லை. பவித்ரா பையை என் பக்கம் நீட்டினாள், அவ்வளவுதான். வரிசையில் அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் மீசைக்காரன். முதல் தடவை போனபோது பின்னால் இருந்து காளீஸ்வரி கேட்டாள்: "அய்யா, எடைதான் பொய்யி, கஞ்சி நெசமா இருக்கும்னு ஒரு வாரமா அந்தத் தினைக் கஞ்சியக் குடுத்தேன். எம்மகன் எம்மூஞ்சியிலயே துப்புறான்யா."

"அதுவும் பொய் தாயி" என்றேன். "மாவையே குடு. டீச்சர் சொல்றபடி குடு." அவள் சிரித்த சிரிப்பில் வரிசையே குலுங்கியது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், 'நமக்கெல்லாம் எதுக்கு' என்று எவர் இழுத்தாலும், பேர் பதிய நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன் என்பவர்களிடம் ஒட்டியாணத்தின் கதையைச் சொல்லுவேன். உடனே கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இதனால் ஒரு வாசகம் நிலைத்துவிட்டது. யாராவது எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், 'நகையக் கழட்டிட்டுச் சொல்லு' என்பார்கள். "கண்மாய்க் கரையில மூணு சுத்து நடந்தேன்" என்பேன். "நகையக் கழட்டிட்டுச் சொல்லுங்க" என்பாள் முத்துலட்சுமி. "ஒண்ணரை" என்பேன். மகன் ஊருக்குப் போய் போனில், "நல்லாச் சாப்பிடுறேன்ப்பா" என்றால் நான் அதையே சொல்கிறேன்.

யாழினி இப்போது பால்வாடிக்குத் தானே நடந்து போகிற பெரிய மனுஷி. நேற்று மத்தியானம் கூப்பிடப் போனபோது கேட்டேன்: "சாப்பிட்டியா தாயி?"

"சோறு, பருப்பு, முட்டை, எல்லாம் சாப்பிட்டேன் தாத்தா."

"நகையக் கழட்டிட்டுச் சொல்லு."

சுற்றும் முற்றும் பார்த்தாள். டீச்சர் காதில் விழாதபடி என்னைக் குனியச் சொல்லிச் சொன்னாள்:

"முட்டை மட்டும்."