பெயர் மட்டும் வேண்டாம் என்று எழுதியிருந்தேன்

இரும்புலியூர்
26-7-91

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் வார இதழைப் பதினெட்டு வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் கோதண்டம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். என்னுடைய சௌக்கியத்தைத் தாங்கள் சென்ற வாரம் முப்பத்திரண்டாம் பக்கத்தில் தீர்த்துக் கட்டிவிட்டீர்கள்.

எனக்கு வயது நாற்பத்துநாலு. அப்பா போன பிறகு மூன்று தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. இந்த வைகாசியில்தான் படப்பையில் தையல் டீச்சராக இருக்கும் ரேணுகாம்பாளை எனக்கு நிச்சயம் செய்தார்கள். பெண்பிள்ளையோடு தனியாகப் பேசிப் பழக்கமில்லாதவன் யாரிடம் போய்க் கேட்பது? என் வயதுக்காரர்களின் பிள்ளைகளே காலேஜ் போகிறார்கள். ஆகவே தங்கள் 'டாக்டர் பதில்கள்' பகுதிக்கு, முதல் இரவில் முதலில் என்ன பேசுவது, விளக்கை அணைக்க வேண்டியது பெண்ணா மாப்பிள்ளையா என்று மரியாதையாக எழுதிக் கேட்டேன். பெயர் வேண்டாம் என்று சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். தாங்கள் பெயரை எடுத்துவிட்டு, 'வயது 44, எலெக்ட்ரிகல் கடை உரிமையாளர், இரும்புலியூர்' என்று போட்டீர்கள். ஐயா, எங்கள் ஊரில் இருப்பதே என்னுடைய ஒரே ஒரு எலெக்ட்ரிகல் கடைதான்.

டாக்டரோ, 'அன்பரே, முதலில் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடியுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை சலூன் சிட்டிபாபு சவரத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். பல்பு வாங்க வருகிறவன்கூட, "இன்னாண்ணே, சுவிட்ச் கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். கடைசித் தங்கை தனக்கோடி வந்து, மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியவில்லை என்று ஏசினாள். அவள் கல்யாணம் முடியட்டும் என்றுதான் முப்பத்தைந்து வயதில் எனக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்பினேன். அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். நேற்று ரேணுகாம்பாளின் அண்ணன் தங்கள் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஊரே சிரிக்குது சார். எங்க வூட்டுப் பொண்ணை எப்படி அனுப்பறது?" என்றார். முந்தின வாரம் வரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர், சார் என்றார். அவர் போன பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

இனி இந்த ஜன்மத்தில் எனக்குக் கல்யாணமில்லை. தங்கள் இதழுக்கும் என் வீட்டில் இடமில்லை. தங்களுக்கு நீண்ட ஆயுளும், டாக்டருக்கு நல்ல புத்தியும், அச்சுக் கோப்பவருக்கு என் வேதனையில் ஒரு பங்கும் கிடைக்க ஆண்டவனை வேண்டும்,

தங்கள் பழைய வாசகன்,
ச. கோதண்டம்

பி.கு.: தபால்தலை ஒட்டும் நேரத்தில் ரேணுகாம்பாள் தனியாக பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டாள். அண்ணனோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டாளாம், ஆவணியில் கல்யாணம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், டாக்டரைப் பற்றியது மட்டும் அப்படியே இருக்கட்டும். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது. அந்த டாக்டருக்கு எழுதினதை எனக்கு எழுதியிருக்கக் கூடாதா?" இனி என் தபாலெல்லாம் படப்பைக்குத்தான் போகும்.