மேனேஜரின் முந்திரி

நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று டிரைவர் எடுத்திருந்த உறுதியை அசைத்துப் பார்த்தது ஒரு முந்திரி வாசனை.

முட்டியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்கு அந்த நாற்காலியே கதி. "நடக்கணும், குனியணும், படியேறணும். இல்லேன்னா கால் இப்படியே விறைச்சுப் போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டிரைவரோ வேலைக்காலம் முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றியவர். உட்காருவது அவருக்குக் கைவந்த கலை. மனைவி கெஞ்சினாள், கோபித்தாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். "நாளைக்கு ஆகட்டும்" என்பார்.

இதற்கிடையில் வீட்டுக் கிளிக்கும் சீக்கு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் ஆளை அளக்கும் அதன் பார்வை, பணிமனை மேனேஜரின் பார்வையை உரித்து வைத்திருந்தது. அதனால் அதன் பெயரே மேனேஜர். அந்த மேனேஜர் இப்போது தன் நெஞ்சுச் சிறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பொழுது போகாத வியாதியாம்" என்றாள் மனைவி, கிளியைப் பறவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து. "காட்டுல இருந்தா நாள் பூரா இரையைத் தேடித் தேடித் தின்னுமாம். நாம கிண்ணத்துல கொட்டிக் கொட்டிச் சோம்பேறி ஆக்கிட்டோம். இனிமே ஒளிச்சுத்தான் வைக்கணுமாம்."

"பாவம், வாயில்லா ஜீவனைப் போய் வேலை வாங்கறதா?"

"அதுக்கா வாயில்லை? உங்க குரல்லயே என்னை அதட்டுது."

மனைவி மழலைப் பள்ளி டீச்சர். காகிதம் மடிப்பதில் கெட்டிக்காரி. கூண்டுக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்கள் தொங்கின. கூண்டுக்கு வெளியேயும் ஒன்று, ஜன்னல் கம்பியில். "திறந்து விடும்போது பறந்து போய்த் தேடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

ஜன்னலிலிருந்துதான் அந்த வாசனை. உப்பும் மிளகும் போட்டு வறுத்த முந்திரி. எடை ஏறினால் முட்டி தாங்காது என்று ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் கண்ணிலேயே காட்டாத முந்திரி.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேனேஜர் மட்டும்தான் இருந்தார்.

"அம்மாடி... ஐயோ முட்டி..." என்று முனகிக்கொண்டே எழுந்து, கைத்தடியை ஊன்றி, ஜன்னலைப் பிடித்துவிட்டார். ரெண்டே ரெண்டு முந்திரி. தேவாமிர்தம்! அப்புறம்தான் காகிதம் கையில் இருப்பது உறைத்தது. அதைப் பல்லால் கடித்துக் குதறி, அலகு கொத்தியது போலாக்கிக் கூண்டுக்கடியில் போட்டு, கூண்டுக் கதவையும் லேசாகத் திறந்து வைத்தார்.

"சொல்லிடாதேடா" என்றார் கிளியிடம்.

சாயங்காலம் மனைவி காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்தாள். "அடேயப்பா! அதுக்குள்ள கண்டுபிடிச்சிருச்சே! இன்னும் கஷ்டமான இடமாப் பார்க்கணும்."

மறுநாள் பொட்டலம் கட்டிலுக்கடியில் இருந்தது. குனிய முடியாது என்று ஆஸ்பத்திரியில் அடம்பிடித்த மனிதர், தரையில் முழங்கையை ஊன்றி, திட்டிக்கொண்டே குனிந்து எடுத்தார். அதற்கடுத்து அலமாரியின் மேல்தட்டு. அதுவும் முடிந்ததும் மாடி அறை. படிக்கட்டை அண்ணாந்து பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்தது. 'இந்தக் கிளிக்கு இவ்வளவு செல்லமா!' என்று பொருமியபடி ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பழகப் பழக உட்காருவது குறைந்தது. கைத்தடி எந்த அறையில் கிடக்கிறது என்பதே மறந்துபோனது.

சிக்கல் மேனேஜர் உருவத்தில் வந்தது. ஒருநாள் காபி குடிக்கும் நேரத்தில், சாட்சாத் டிரைவர் குரலில், "அம்மாடி... ஐயோ முட்டி... சொல்லிடாதேடா!" என்றார் மேனேஜர்.

டிரைவருக்குக் காபி மூக்கில் ஏறியது.

"என்னத்தைச் சொல்லக் கூடாதாம்?" என்றாள் மனைவி.

"கிளிப்பேச்சுக்கெல்லாம் அர்த்தம் கேட்பியா நீ?"

அன்று முழுக்க அவருக்கு மனது சரியில்லை. ஆஸ்பத்திரியில் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். தலை சீவிவிட்டு, கால் பிடித்துவிட்டு, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். அவள் ஆசையாக வளர்க்கும் கிளியின் வாயில் மண்ணைப் போடுவதா? சீக்குக் கிளி, பட்டினியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

பரிகாரம் செய்தார். தெருமுனைக் கடைக்கு நடந்து போய் அதே வறுத்த முந்திரியை வாங்கி வந்தார். வந்த சூட்டோடு கூண்டைத் திறந்து, "இந்தாடா ராஜா, வயிறாரத் தின்னு" என்று ஒன்றை நீட்டினார்.

பள்ளியிலிருந்து அப்போதுதான் நுழைந்த மனைவி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள். "ஐயையோ! இதைக் கொடுக்காதீங்க!"

"ஏன்?"

"அது... கையில கொடுத்தாப் பழையபடி சோம்பேறி ஆயிடும். தேடித்தான் தின்னணும். ஆமா, இது ஏது உங்ககிட்ட?"

"இங்கதான்... கீழே கிடந்துது."

மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பு வாய்க்குப் போயிற்று. கிளியின் நிலையை எண்ணி அழுகிறாள் என்று டிரைவருக்கு நெஞ்சு வெடித்தது.

மறுநாள் கிளியை எடை பார்க்க வேண்டும் என்றாள். "நானும் வரேன்" என்றார். குட்டு உடையத்தான் போகிறது, தன் வாயாலேயே உடையட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

பறவை டாக்டரின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. கூண்டை டிரைவரே தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறும்போதே அது உறைத்தது: கையில் தடி இல்லை, முட்டியில் வலி இல்லை. 'உன் இரையைத் தேடித்தானேடா எனக்குக் கால் வந்தது' என்று கூண்டுக்குள் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், எடை குறைஞ்சிருந்தா இவளைத் திட்டாதீங்க. இவ ஒளிச்சு வச்சதை எல்லாம் நான்தான் தின்னேன்."

டாக்டர் மேனேஜரைத் தராசில் ஏற்றினார். நெஞ்சில் புதுச் சிறகு பளபளத்தது. "எடை ஏறித்தான் இருக்கு. கூண்டுல அம்மா கட்டி விடுறதை ஒழுங்காத் தேடித் தின்னுருக்கு. பிரமாதம்!"

"அது எப்படி டாக்டர்?" டிரைவர் விழித்தார். மனைவி சுவரில் மாட்டியிருந்த பறவைப் படத்தை மிகவும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கிளியைப் பார்த்துக் கைகூப்பினார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இதோட உப்பைத் தின்னுதான் டாக்டர் நான் எழுந்து நடமாடினேன். இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்."

கிளியைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா நிமிர்ந்தாள்.

"உப்பா? கிளிக்கு உப்பு ஆகவே ஆகாது, கண்ணுலயே காட்டாதீங்கன்னு முதல் நாளே அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேனே. அப்புறம் உப்பு போட்டதை யாருக்குங்க ஒளிச்சு வச்சாங்க?"